கோடை ரயர்கள்

பேரம்பலம் வரோதயன் செத்த கிழமை
இஸர்லோனில் முதல் பனி.
ஊருக்குத் துக்கமோ இல்லையோ
ரயர் மாற்ற வேண்டியிருந்தது.
கறுப்புக் கோட்டோடு வந்தவர்கள்
என் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லி
கார்ச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜெர்மன்காரர் அவர் பெயரை எழுத்துப் பார்த்து வாசித்தார்கள்.
வரோதயன், ஃபரோதயன் ஆகி,
பிறகு எகிப்து மன்னன் மாதிரி வெறும் ஃபரோ.
"எங்கே உங்கள் பிரமிட்?" என்று கேட்டால்
பின்வளவைக் காட்டுவார்:
தேய்ந்த ரயர்கள், ஆளுயரத்துக்கும் மேலே, கூம்பாய்.

எண்பத்தாறில் கோப்பை கழுவினார் என்று
தேர்தல் பிரசுரம் சொன்னது.
பொய். அவர் கழுவியது பஸ்.
கோப்பை என்றால்தான் சனம் இரங்கும் என்றானாம்
அதை எழுதிய கட்சிப் பெடியன்.
இவரும் விட்டுவிட்டார்.
அவருடைய அரசியல் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் மெய்.
வாக்காளரின் முகம் மறப்பார், ரயர் அளவு மறக்க மாட்டார்.
"ஃபிராவ் ஒஸ்டர்காம்ப்!
நூற்றித் தொண்ணூற்றைந்து, அறுபத்தைந்து, பதினைந்து!"
கிழவி சந்தை நடுவில் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.
அப்படித்தான் வென்றார்.
டூசெல்டோர்ஃபில் ரைன் நதி தெரியும் ஜன்னலோடு
அறை கொடுத்தார்கள்.
சனிக்கிழமைகளில் மட்டும் வருவார்,
கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நாலு சில்லாவது தன் கையால் முறுக்கிவிட்டுப் போவார்.

மாநிலப் பாராளுமன்றத்தில் அவருக்கு மனுக் குழு.
அங்கேதான் வந்தது ஷாலா குடும்பத்தின் மனு:
தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள்,
இங்கே பதினொரு வருஷம், ஒரு பழைய ஓப்பல்.
எங்கள் வாடிக்கை.
கதவு சாத்திய கூட்டம்தான்.
இந்த ஊரில் கதவு எதைத்தான் மறைத்தது?
கை தூக்கச் சொன்னபோது
எங்கள் ஆளின் கை மேசையிலேயே கிடந்ததாம்.
கட்சி சொன்னதாம். சட்டம் சொன்னதாம்.

அவருடைய கடதாசியிலும் ஒருகாலம்
முன்பின் தெரியாத யாரோ மனம் வைத்துத்தான்
முத்திரை விழுந்தது.
இதை அவரிடம் நான் சொல்லவில்லை.
எனக்குச் சம்பளம் தந்தவர் அவர்.
மாசி மாதம், விடிய நாலு மணிக்கு,
அவர்களைக் கூட்டிப்போனார்கள்.
ஓப்பலை ஒரு மச்சான் விற்றான்.

இன்று மேயர் பேசினார்: "அவர் ஒரு பாலம்."
வெளிநாட்டான் செத்தால் இங்கே எப்போதும் பாலம்தான்.
பள்ளிக்கு முன்னால் இருக்கும் பஸ் தரிப்புக்கு
அவர் பெயர் வைக்கலாமாம்.
பலகைக்கு நீளம் கூட என்று அதற்குள்ளே ஒரு முறைப்பாடு.
அந்தத் தரிப்புக்குக் கூரை போட
அவர் ஆறு வருஷம் மல்லுக்கட்டினார்.
மழையில் நிற்கிற பிள்ளைகளுக்கு
அது போதும், பெயர் எதற்கு?

பின்னேரம் மகள் கிடங்கைத் திறந்தாள்.
முந்நூற்று நாற்பது காரின் ரயர், தட்டுத் தட்டாய்.
"அன்ரி, மூன்றாம் வரிசை, பதினாலு. யாருடையது?
எறியட்டோ?"
பேரேட்டைப் புரட்டினேன்.
ஒவ்வொரு ஐப்பசியும், அவருடைய சரிந்த எழுத்தில்:
ஷாலா. கோடை, நாலு.
வாடகை இருபத்தைந்து. என் கணக்கில்.
ஒன்பது தரம்.

கணக்கோ, குற்றமோ, வெறும் பழக்கமோ,
எனக்குத் தெரியாது.
பத்து வருஷமானால் ரப்பர் வெடித்துவிடும்,
எந்தத் தெருவிலும் ஓடாது,
அதுவும் அவருக்குத் தெரியும்.

கறுப்பு ரப்பரில் வெண்கட்டியால் எழுதிய பெயர்
இத்தனை காலத்தில் மங்கியிருக்க வேண்டும்.
தொட்டேன்.
விரலில் வெள்ளையாய் வந்தது.

"இருக்கட்டும்" என்றேன்.
வெளியே வரிசையில் ஆறு கார்.
நாலரைக்கு ஃபிராவ் ஒஸ்டர்காம்ப்.